ரொட்டிக்கடை மூலையில் 197 வாட்

நிழலக்காவின் புருஷனுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் வைத்த பேர் மீட்டர். ஆள் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க அடுக்குமாடிகளின் உச்சியில், குனிந்தால் மட்டுமே நுழைய முடிகிற அறைகளில் மோட்டார் சத்தத்துக்குக் காது கொடுத்துவிட்டு வருவான். வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, டீயைக் குடித்துவிட்டு, இன்னொரு சத்தத்துக்குக் காது கொடுக்க உட்கார்ந்துவிடுவான். அது டிவிக்குக் கீழே இருக்கும் வீடியோ கேம் பெட்டியின் விசிறிச் சத்தம்.

ஒரு மனுஷனுக்கு இப்படியும் ஒரு பைத்தியம் இருக்குமா என்றால், இருக்கும், நான் என்ன செய்ய. அந்தக் கறுப்புப் பெட்டி கடைக்கு வந்து பதினாலு வருஷமாகிறது. கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டு அடுத்த பெட்டிக்கும் அதற்கடுத்த பெட்டிக்கும் போய்விட்டது. நம்ம ஆள் மட்டும் நகரவில்லை. அதற்காக வந்த கேம்கள் நானூற்றுச் சொச்சம். அதில் எந்தக் கேம் அந்தப் பெட்டியின் படம் வரையும் சிப்பை உச்சத்துக்கு வேலை வாங்குகிறது என்பதுதான் அவன் கேள்வி. மற்றவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். மீட்டர் அளந்து சொல்வான்.

ஒவ்வொரு கேமுக்கும் மூன்று பத்து மார்க். சுவர் ப்ளக்குக்கும் பெட்டிக்கும் நடுவில், எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்ட ஒரு வாட் மீட்டர், அதற்குப் பத்து. விசிறிச் சத்தத்துக்குப் பத்து. அதை இரண்டடி தள்ளி உட்கார்ந்து, ஃப்ரிட்ஜை அணைத்து, அவன் அம்மாவையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். ஃப்ரிட்ஜை அணைப்பது சுலபம். கடைசிப் பத்து கண்ணுக்கு. பெட்டி இவ்வளவு மூச்சு வாங்குகிறதே, அந்தப் பாடெல்லாம் திரையில் தெரிகிறதா என்று பார்த்துப் போடுகிற மார்க் அது.

இதையெல்லாம் ஒரு நீளக் குறிப்பேட்டில் எழுதி, இணையத்திலும் போடுவான். எழுதினதில் தப்பு இருந்தால் அடிக்க மாட்டான், அழிக்க மாட்டான். கீழே ‘திருத்தம்’ என்று போட்டு, எது தவறு, எது சரி, தேதி, கையெழுத்து. ஒரு நாள் அளக்கும்போது ஜன்னல் திறந்திருந்ததால் பெட்டிக்குக் காற்று பட்டுவிட்டது என்று அரை மார்க்குக்குத் திருத்தம் போட்டவன். இவர்கள் கல்யாணப் பத்திரிகையில் நேரம் கால் மணி தப்பாக அச்சாகிவிட்டது. முந்நூறு பத்திரிகையிலும் உட்கார்ந்து கைப்படத் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். நிழலக்காவின் அப்பா அதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பத்திர ஆபீசில் வேலை செய்கிறாரா என்று கேட்டார்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. நகர நூலகத்தில் ஒரு கூடத்தை ஒதுக்கி, பழைய கேம் பெட்டிகளுக்குக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். அதில் கறுப்புப் பெட்டியை உச்சத்துக்கு வேலை வாங்கிய பத்துக் கேம்கள், ஒவ்வொன்றும் ஓடுகிற நிலையில். பட்டியல் மீட்டருடையது. பித்தளைத் தகட்டில் அவன் பேரோடு செதுக்கிச் சுவரில் பதிப்பார்களாம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அனுப்ப வேண்டும். வீட்டில் ஆள் தரையில் நடக்கவில்லை.

பட்டியலில் முதல் இடம் யாருக்கு என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. ‘விளக்கு வீதி’ என்ற கேம். பன்னிரண்டு வருஷமாக அதுதான் முதல். முப்பதுக்கு முப்பது.

நிழலக்காவுக்கு அதுதான் பயம். ஏனென்றால் ‘விளக்கு வீதி’ அவள் வேலைக்குச் சேர்ந்து செய்த முதல் கேம். அதில் பெட்டி அப்படி மூச்சு வாங்கியதற்குக் காரணம் அவள் செய்த ஒரு தப்பு. அந்தத் தப்பு இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் கேம் கம்பெனியில் கிராஃபிக்ஸ் ஆள். நிழல் விழுகிற வேலையெல்லாம் அவள் பொறுப்பு, அதனால் ஆபீசில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் வைத்த பேர் நிழலக்கா. இப்போது அவளுக்குக் கீழே ஏழு பேர். அப்போது அவள் புதுசு. ‘விளக்கு வீதி’ ஒரு மழை ஊர். தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கும், அதில் ஊர் தெரிய வேண்டும். பிரதிபலிப்பைக் கணக்குப் போட அந்தப் பெட்டிக்குச் சக்தி போதாது. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஊரையே தலைகீழாக இன்னொரு தடவை தரைக்குக் கீழே வரைந்துவிட்டு, தண்ணீர் தேங்கிய இடத்தில் மட்டும் தரையை ஓட்டையாக விட்டால், பார்க்கிறவனுக்குத் தண்ணீரில் ஊர் தெரிகிற மாதிரி இருக்கும். அதை அவள்தான் செய்தாள். நன்றாகவும் செய்தாள்.

ஆனால் கேம் நொண்டியது. மேலதிகாரி வந்து, மழையும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம், எல்லாவற்றையும் எடு என்று சொல்லிவிட்டார். அவள் மழையையும் தண்ணீரையும் எடுத்தாள், ஓட்டைகளை மூடினாள், நொண்டலும் நின்றது. கீழே இருந்த ஊரை அணைக்க மறந்துவிட்டாள். நிரலில் ஒரே ஒரு வரி. டிஸ்க் அச்சுக்குப் போன மறுநாள்தான் பார்த்தாள். அந்தக் காலத்தில் விற்ற டிஸ்கைத் திருத்த வழியில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. புதுசாகச் சேர்ந்த பெண் வேறு என்ன செய்வாள், பாவம்.

அடுத்த மாதம் ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. ‘ரொட்டிக்கடை ஜன்னலைச் செய்தவருக்கு’ என்று உறையில் எழுதியிருந்தது.

“வணக்கம். நான் லிஃப்ட் மெக்கானிக். உங்கள் ஊரில் வேறெங்கே நின்றாலும் 160 வாட்டைத் தாண்டாத பெட்டி, நான்கு தெருவும் சேருகிற ரொட்டிக்கடை மூலைக்கு வந்ததும் 197 காட்டுகிறது. விசிறி எகிறுகிறது. மூன்று நாளாக அங்கேயே நிற்கிறேன். அந்த ஜன்னலில் யாரோ மனசார உழைத்திருக்கிறார்கள். அது யார் என்று தெரிந்துகொள்ள ஆசை.”

ஜன்னலையும் அவள்தான் செய்திருந்தாள். ஜன்னல் என்ன ஜன்னல், ஒரு மஞ்சள் படத்தை ஒட்டிவைத்தது, அரை மணி நேர வேலை. நான்கு தெருவும் அந்த மூலையில் கண்ணுக்குப் படும், அதனால் கீழே நான்கு தலைகீழ்த் தெருவும் சேர்ந்து பெட்டியின் கழுத்தை நெரித்தன. அதை எழுதியிருக்க வேண்டும். அவள் எழுதியது, “நன்றி. வேலை கொஞ்சம் அதிகம்தான்.” பொய் என்று சொல்ல முடியாது, பாருங்கள்.

அப்புறம் எட்டுக் கடிதம், ஒரு டீக்கடை, இரண்டு சினிமா, கால் மணி தப்பான பத்திரிகை, கல்யாணம். பத்து வருஷம் ஓடிவிட்டது. சொல்லலாம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டதில், சொல்வதற்கான நாள் கடந்துபோய்விட்டது. ‘அந்த ஜன்னலுக்காக எழுதினேன், இவள் கிடைத்தாள்’ என்று அவன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும்போது அவள் தலையைக் குனிந்துகொள்வாள். வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்படியே காலம் தள்ளியிருப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீசில் சாப்பிடும்போது பிள்ளைகள் ஒரு புதுக் கருவியை எடுத்துக் காட்டினார்கள். பழைய கேம் எதையும் கணினியில் போட்டு, கேமராவைச் சுவருக்குள்ளும் தரைக்குக் கீழும் கொண்டுபோய்ப் பார்க்கலாமாம். ஒரு கார்ப் பந்தயக் கேமில் ஓட்டுநருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்று பார்த்து உருண்டு உருண்டு சிரித்தார்கள். அடுத்தது அக்காவின் முதல் கேம் என்று ஒருத்தி சொன்னாள். நிழலக்கா பதறிப்போனாள். டிஸ்க் வீட்டில் எங்கேயோ கிடக்கிறது, தேடிக் கொண்டுவருகிறேன் என்று சமாளித்தாள்.

இன்றைக்குச் சமாளித்தாள். நாளைக்கு ஊரில் எவனாவது போட்டுப் பார்ப்பான். பித்தளைத் தகட்டில் புருஷன் பேர், அதற்கு மேலே முதல் இடம், கேம் ஓடுகிற திரைக்கு முன்னால் நின்று ஜனங்கள் சிரிப்பார்கள். அளந்து சொல்கிறவன் என்று பேர் வாங்கியவன், பெண்டாட்டியின் பிழைக்கு முப்பதுக்கு முப்பது போட்டான் என்பார்கள். அவனுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. சொல்லிவிட்டால்? அவன் பொய் எழுத மாட்டான், காரணத்தோடு திருத்தம் போடுவான், அவள் பேர் வெளியே வரும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடிதம்தான் தாங்க முடியாதது. அவன் அவளைத் தேடி வந்த காரணமே தப்பு என்று ஆகிவிடுமே. பத்து வருஷத்தின் அஸ்திவாரத்தையே தன் கையால் தோண்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது அவளுக்கு.

புதன்கிழமை சாயந்தரம், துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் முதலில் கொட்டினாள். மீட்டரின் அம்மா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாதியில் குறுக்கிடாமல் முழுதும் கேட்கிற பழக்கம் அந்த வேலையில் வந்தது, வீட்டில் வேறு எப்போதும் அதைக் காட்டியதில்லை. கேட்டு முடித்து, ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

“சொல்லிடும்மா. அவன் கோபப்பட மாட்டான். அளப்பான்.”

“அளந்து பார்த்து நான் தப்புன்னு வந்துடுச்சுன்னா, அத்தை?”

அத்தை அடுத்த சட்டையை எடுத்து, காலரைத் தடவித் தடவி ரொம்ப நேரம் மடித்தார்.

வியாழன் சாயந்தரம் அவன் டீ குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு மடிக்கணினியை டிவியோடு இணைத்து, அவனுடைய டிஸ்கையே கேட்டு வாங்கிப் போட்டாள். அவனுக்கு ஒரே குஷி. பட்டியல் போகிறதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை ஜன்னலைப் பார்க்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். ரொட்டிக்கடை மூலை வந்தது. மஞ்சள் வெளிச்சம். அவள் கேமராவைக் கீழே தள்ளினாள். தரை ஒரு காகிதம் மாதிரி நழுவி மேலே போனது.

கீழே ஊர் இருந்தது. விளக்குக் கம்பங்கள் எல்லாம் கீழ்நோக்கித் தொங்கின, எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. ரொட்டிக்கடை தலைகீழாக, அதே மஞ்சள் ஜன்னலோடு. மேலே நடக்கிற ஜனங்களின் காலோடு கால் ஒட்டிக்கொண்டு, கீழே அதே ஜனங்கள் நடந்தார்கள். ஒருத்தர்கூட நிற்கவில்லை.

“இவங்கல்லாம் யாருக்காக நடக்கிறாங்க?” என்று கேட்டார் அத்தை.

அவள் சொன்னாள். மழை, தேங்கிய தண்ணீர், மேலதிகாரி, மூடின ஓட்டை, மறந்துபோன ஒரு வரி. முதலில் ஊரைக் கீழே வரைந்து, பிறகு அதன் மேல் தரையைப் போட்டு மூடி, ஒரு வினாடிக்கு முப்பது தடவை பெட்டி இதையேதான் செய்துகொண்டிருக்கிறது என்றாள். ஜன்னல் வெறும் படம் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மீட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“எப்போ தெரியும்?”

“டிஸ்க் அச்சுக்குப் போன மறுநாள்.”

“என் முதல் கடிதம் வந்தப்போ?”

“தெரியும்.”

அவன் எழுந்தான். குறிப்பேட்டை எடுத்தான். போய் ஃப்ரிட்ஜை அணைத்தான். அத்தை அவளைப் பார்த்து, நான் சொல்லவில்லையா என்கிற மாதிரி தலையை ஆட்டினார். கறுப்புப் பெட்டியைப் போட்டு, ரொட்டிக்கடை மூலைக்குப் போய் நின்று, முக்கால் மணி நேரம் அளந்தான். அவள் சமையலறை வாசலில் சுவரோடு சுவராக நின்றாள். பத்து வருஷத்தில் அவன் முதுகை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததில்லை. ஏதாவது திட்டினாலும் தேவலை என்றிருந்தது.

கடைசியில் திரும்பினான். வாட்டுக்குப் பத்து, மாற்றமில்லை என்றான். விசிறிக்குப் பத்து, மாற்றமில்லை. கண்ணுக்கு நாலு. பெட்டி பட்ட பாட்டில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியவே இல்லை, அதனால் ஆறு மார்க் குறைகிறது, மொத்தம் இருபத்துநாலு, நாலாவது இடம்.

இவளுக்கு எங்கிருந்து வந்ததோ ரோஷம்.

“நாலாவதா?”

காலையிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்தவள், இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். ரெண்டாவது இடத்தில் இருக்கிற காட்டுக் கேம் இலையை மட்டும் வரைகிறது, இது இரண்டு ஊரைச் சுமந்தும் ஒரு தடவைகூட நின்றதில்லை, அதற்கு என்ன மார்க் என்று கேட்டாள். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி என்றான் அவன். விதியை யார் போட்டது என்றாள். நான்தான் என்றான். அப்படியானால் கண்ணுக்கு அஞ்சு மார்க்காவது போடுங்கள் என்றாள். நாலு என்றால் நாலுதான் என்றான். அத்தை சிரிப்பை அடக்க முடியாமல், மடித்து வைத்திருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சண்டை ஓய்ந்ததும் அவன் குறிப்பேட்டை மூடினான்.

“காரணம் எழுதணும். உன் பேர் வரும். உனக்குக் கீழ ஏழு பேர் இருக்காங்க.” பேனாவையும் மூடி வைத்தான். “வேணாம்னு சொல்லு. லிஸ்ட்டே அனுப்பலை.”

அவனுக்கு அந்தத் தகடு எவ்வளவு பெரிசு என்று அவளுக்குத் தெரியும். சுவரில் பதிக்கிற இடத்தைப் போய் இரண்டு தடவை அளந்துவிட்டு வந்திருந்தான்.

“எழுதுங்க. என் பேரை மட்டும் எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க.”

சரி என்றான். படுக்கப் போகிறதற்கு முன்னால் சர்வசாதாரணமாகக் கேட்டான், அந்த முதல் கடிதம் உன்னிடம் இருக்கிறதா, கொஞ்சம் கொடு என்று. அவள் அலமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போனதும் டிஸ்கைப் பிள்ளைகள் மேஜையில் போட்டு, எங்கே பார்க்க வேண்டும் என்றும் அவளே சொன்னாள். பார்த்தார்கள். ஒருத்தி, அக்கா இது ரொம்ப அழகா இருக்குக்கா என்றாள். இன்னொருத்தன், இதற்குப் பிறகும் எங்கள் வேலையில் குற்றம் சொல்வீர்களா என்று கேட்டான். சொல்வேன், இன்னும் ஜாஸ்தியாகச் சொல்வேன் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அந்தக் கடிதம் இப்போது ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், கிரீஸ் கையோடு, கிழிபட்டுக்கொண்டிருக்குமோ என்று தோன்றியது. தப்பான கடிதத்தை அவன் எப்படி வீட்டில் வைத்திருப்பான்? தப்பு எதுவும் அவனுக்கு ஆகாதே.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தபோது பட்டியல் போய்விட்டிருந்தது. அவன் குளித்துக்கொண்டிருந்தான். மேஜையில் கடிதம் இருந்தது. கிழியவில்லை. அவள் நின்றபடியே பிரித்தாள். பழைய நீல எழுத்து, பன்னிரண்டு வருஷத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தது. அதற்குக் கீழே, இடம் போதாமல் நெருக்கி நெருக்கி, புதுக் கறுப்பு மையில்:

“திருத்தம். மேலே ஜன்னல் என்று எழுதியது தவறு. வேலை தரைக்குக் கீழே இருந்தது. 197 வாட் சரி. மனசார உழைத்திருக்கிறார்கள் என்றது சரி. யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது சரி. ஆள் சரி. மற்றதில் மாற்றமில்லை.”

தேதி. கையெழுத்து.

அத்தை ஹாலில் இருந்து, ஏம்மா அப்படியே நிற்கிறே, என்ன ஆச்சு என்று கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தான். எதிலாவது எழுத்துப் பிழையா என்று கவலையோடு கேட்டான்.

அவள் இல்லை என்று தலையசைத்தாள். ஆணியில் தொங்கிய அவன் சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனாவைத் தானே எடுத்துக்கொண்டு, ‘வேலை கொஞ்சம் அதிகம்தான்’ என்று தான் எழுதிய அந்தப் பழைய பதிலை எங்கே வைத்திருக்கிறீர்கள், கொண்டுவாருங்கள் என்றாள். அதிலும் ஒரு திருத்தம் போட வேண்டியிருந்தது.